இறால் குட்டையில் நீரோட்டமும் மணற்படுகையும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து செல்வோர், ஆரம்பாக்கம், சுண்ணாம்புக்குளம் முதலிய கிராமங்களை அடையுமுன்பே நெல்வயல்கள் குறைந்து, மணலும் உவர்மண்ணும் கலந்த தாழ்ந்த பூமி தொடங்குவதைக் காண்பர். பழவேற்காடு ஏரியின் விளிம்பு அது. பயிர் ஏறாத இத்தகைய பூமியில் குட்டை வெட்டி இறால் வளர்ப்பது இப்போது புதிதன்று. பசிபிக் சமுத்திரத்து வெள்ளை இறாலாகிய வன்னாமியை வளர்க்க 2009-ஆம் வருஷத்தில் அனுமதி கிடைத்தபின், குறைந்த இடத்தில் மிகுந்த இறாலை நெருக்கி வளர்க்கும் வழக்கம் பெருகிற்று. நெருக்கம் மிகவே, நீரைக் கலக்கிப் பிராணவாயுவைச் சேர்க்கும் துடுப்புச் சக்கரங்களும், அதாவது பண்ணையாளர் 'ஏரேட்டர்' என்று வழங்கும் யந்திரங்களும், குட்டைக்குக் குட்டை மிகுந்தன. இவ்வியந்திரங்களால் விளையும் நன்மை யாவரும் அறிந்ததே. அவற்றால் குட்டையின் அடித்தரைக்கு நேரும் கேட்டைப் பலரும் கவனிப்பதில்லை. அதைப்பற்றியே இங்கு எழுதலாயிற்று.

ஓட்டத்துக்கும் மணலுக்கும் உள்ள வழக்கை அறிய வெகுதூரம் போகவேண்டியதில்லை. பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பார்த்தாலே போதும். கோடையில் ஏரிநீரின் வேகம் குறையுங்கால் கடல் கொணரும் மணல் வாயை அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் அதே மணலை அரித்துக்கொண்டு போகிறது. நீரின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் மணல் புறப்படும். அவ்வெல்லைக்குக் கீழே வந்தால் மணல் படியும். நம் ஆற்று மணல் போன்ற நடுத்தர மணல் புறப்படுவதற்கு ஏறக்குறைய விநாடிக்கு ஒரு சாண் தூரம் ஓடும் வேகம் போதுமானது. மணலைவிட நுண்ணிய வண்டலும், இறாலின் கழிவும், தின்னாத தீனியின் தூளும் இதைவிட மந்தமான ஓட்டத்திலும் மிதந்து சென்று, நீர் அசையாத இடத்தில்தான் படியும்.

இனி இறாலின் தேவையைக் கவனிப்போம். வெப்பமான உவர்நீரில் ஒரு லிட்டருக்கு 6 அல்லது 7 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்து நிற்கும். அது 4 மில்லிகிராமுக்குக் குறையாமலிருந்தால் இறால் நன்றாகத் தின்று வளரும். 3-க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும். இன்னும் குறைந்தால் சாவு. பகலில் நீரிலுள்ள பாசி பிராணவாயுவைத் தருகிறது. இரவில் அப்பாசியே அதை உட்கொள்கிறது. ஆகையால் விடியற்காலத்துக்குச் சற்று முன்னே ஆபத்து மிகுதி. 400 முதல் 500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைசக்தி என்பது பொதுவான கணக்கு. 2,000 கிலோ எதிர்பார்ப்பவர் 4 அல்லது 5 குதிரைசக்தி வைத்தாக வேண்டும். அதைக் குறைக்கும்படி நான் சொல்லவரவில்லை. அவ்வளவு பலமான ஓட்டத்தை எங்கே, எந்தத் திக்கில் செலுத்துவது என்பதே கேள்வி.

ஏனெனில், இறால் மீனைப்போல் நடுநீரில் வாழும் பிராணியன்று. தரையில் ஊர்ந்து, தரையில் தின்று, தோலுரிக்கும்போது தரையிலேயே ஒளிந்து கிடப்பது. தரை கெட்டால் மேல்நீர் எவ்வளவு சுத்தமாயிருந்தும் பயனில்லை.

ஏரிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் நான் கண்ட குட்டையைப்பற்றிச் சொல்லுகிறேன். ஏறக்குறைய ஒரு ஏக்கர், மணற்பாங்கான தரை, நீரின் ஆழம் மூன்றடிக்கும் குறைவு. சொந்தக்காரர் வீட்டு நகைகளை அடகு வைத்து முதல் போட்டவர். அடுத்த குட்டைக்காரர் யந்திரங்களைக் கூட்டினார் என்று இவரும் கூட்டி, நான்கையும் கரையோரத்தில் நிறுத்தி, நான்கின் முகத்தையும் குட்டையின் நடுவுக்குத் திருப்பியிருந்தார். எழுபதாம் நாள் விடியற்காலையில் இறால்கள் கரையோரம் ஒதுங்கின. மறுநாள் செத்து மிதந்தன. எஞ்சியவற்றை அவசரமாக வலைபோட்டுப் பிடித்ததில் தீனிக் கடன்கூடத் தீரவில்லை. நோய் என்றே அவர் கருதினார். நீரை வடித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு யந்திரத்தின் முன்னும் முழங்காலளவு பள்ளம் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட மணல் சிறிது தூரத்தில் மேடாகக் கிடந்தது. நான்கு ஓட்டமும் ஒன்றையொன்று தடுத்து நின்ற நடுவிடத்தில் கறுஞ்சேறு படிந்து, காலை வைத்தால் அழுகிய முட்டையின் நாற்றம் எழும்பிற்று. அது ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு. மிகச் சொற்ப அளவும் இறாலுக்குத் தீங்கானது. போட்ட தீனியிற் பெரும்பகுதி அந்நடுவில்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

யந்திரங்களின் பலத்தில் குறைவில்லை. வைத்த முறையிலேதான் பிழை. சக்கரங்களைக் கரையின் அடிவாரத்திலிருந்து பத்து முதல் பதினைந்தடி உள்ளே தள்ளி, ஒன்றின் ஓட்டத்தை அடுத்தது ஏற்றுக்கொண்டு போகும்படி, செக்குமாடு சுற்றுவதுபோல் ஒரே சுற்றாக நிறுத்த வேண்டும். அப்போது கரையைச் சுற்றிலும் அகலமான சுத்தத் தரை உண்டாகும். கழிவு முழுவதும் நடுவில் சிறு வட்டமாகச் சேரும். தீனியை அச்சுத்தத் தரையிலேயே இறைக்கலாம். இறைக்கும் நேரத்தில் சக்கரங்களைச் சற்று நிறுத்தி வைத்தால் தீனி நடுவுக்கு அடித்துச் செல்லப்படாது. மூலைகள் கூராக இருக்குமிடத்தில் நீர் தேங்கி நிற்குமாதலால், வெட்டும்போதே மூலைகளை வளைத்துவிடுவது நன்று. நீரின் ஆழம் நான்கு முதல் ஐந்தடி இருப்பது அவசியம். ஆழமற்ற குட்டையில் சக்கரத்தின் வீச்சு நேரே தரையைத் தாக்கும். துடுப்பு நான்கு அங்குலத்துக்குமேல் நீரில் அமிழ வேண்டுவதில்லை. அதிகம் அமிழ்த்தினால் மோட்டாருக்கும் சுமை, தரைக்கும் சேதம்.

ஓட்டத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். சுற்றோட்டம் செல்லும் வழியில் இருபதடி இடைவிட்டு இரண்டு முளைகளை அடித்து, ஓர் எலுமிச்சம்பழத்தை மேல்முளையருகே போட்டுக் கடிகாரத்தைப் பார்க்கவும். அது 30 விநாடியில் கீழ்முளையை அடைந்தால் மேல்நீரின் வேகம் விநாடிக்குச் சுமார் ஒரு சாண். அடிநீர் அதைவிட மெதுவாகவே ஓடுமாதலால் மணல் அசையாது, வண்டலும் தங்காது. பத்து விநாடியிலேயே அடைந்துவிட்டால் அவ்விடத்துத் தரையைக் காலால் தடவிப் பார்ப்பது உத்தமம், பள்ளம் தட்டுப்படக்கூடும். யந்திரத்தின் நேர்முன்னே வேகம் எப்படியும் மிகுதியாகவே இருக்குமாகையால், அங்கே மட்டும் சரளைக்கல் பரப்புவதோ கெட்டியான விரிப்புப் போடுவதோ செய்யலாம்.

தரையின் உட்புறத்தை அறிய, கையகலக் குழாய் ஒன்றை அடியில் அழுத்தி, மேல்வாயை மூடி எடுத்துப் பார்க்கவும். மேலே பழுப்பு நிறமாகவும் கீழே கறுப்பாகவும் இருத்தல் இயல்பே. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பிராணவாயு புகுமளவுக்கே பழுப்பு. அந்தப் பழுப்பு ஏடு மறைந்து கறுப்பு மேலே வந்துவிட்டதானால் தீனியை உடனே குறைக்க வேண்டும். அந்நிலையில் சிலர் பதறிச் சங்கிலி இழுத்துத் தரையைக் கிளறுகின்றனர். அடியில் அடங்கிக் கிடந்த விஷம் அதனால் ஒரே நாளில் நீரில் கலக்கிறது. கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் விட்டுப் பவளப் பிராணிகளை வளர்க்கும் பட்டணத்துக்காரர்க்கும் இதே சங்கடம் உண்டென்பது வியப்பாயிருக்கும். பவளத்துக்குப் பலமான ஓட்டம் வேண்டும். தொட்டியின் அடியில் பரப்பிய மணலோ அதனால் பறந்து பவளத்தையே மூடும். ஆதலின் அவர்கள் பம்பின் முகத்தை நீர்மட்டத்தை நோக்கித் திருப்புவர். சற்றுப் பருமனான மணலை இடுவர். கறுத்த அடிமணலைக் கலக்காமலிருப்பர். கையளவு தொட்டிக்கும் ஒரு ஏக்கர் குட்டைக்கும் நியாயம் ஒன்றே.

மின்சாரம் நின்று திரும்பும் வேளையிலும் நிதானம் வேண்டும். எல்லாச் சக்கரங்களையும் ஒருங்கே முடுக்கினால் படிந்த சேறு முழுதும் எழும்பும். ஒன்றை ஓடவிட்டுச் சிறிது பொறுத்து மற்றொன்றை ஓடவிடுக. குஞ்சு விட்ட முதல் மாதத்தில் எல்லா யந்திரங்களும் இராப்பகலாக ஓடவேண்டுவதில்லை. இறாலின் எடை கூடக்கூட நேரத்தையும் எண்ணிக்கையையும் கூட்டிக்கொள்ளலாம்.

அறுவடைக்குப்பின் நீரை வடித்து, நடுவிலுள்ள கறுஞ்சேற்றை அகற்றி, தரையை வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். சுண்ணாம்பை மண்ணின் புளிப்பைப் பரிசோதித்தபின் தேவைக்கேற்ப இடுக. உழவுக்குப் பழகிய கைகள் காய்ந்த தரையைக் கண்டால் சும்மாயிரா. உழுவதில் தவறில்லை, காற்றுப் புகுந்து அழுக்கு விரைவில் மக்கும். ஆயின் நீர் விடுமுன் உருளையால் அழுத்திக் கெட்டிப்படுத்தாமற்போனால், இளகிய மண்ணைச் சக்கரம் முதல் வாரத்திலேயே அரித்துவிடும். நான் மேலே சொன்ன குட்டைக்காரர் ஆழத்தைக் கூட்டி, களிமண் பரப்பி அழுத்தி, யந்திரங்களைச் சுற்றாகத் திருப்பி வைத்தார். யந்திரம் ஒன்றும் புதிதாக வாங்கவில்லை. மறுபோகத்தில் அறுவடை மட்டும் இறால் நின்றது. வடித்தபின் பார்த்ததில் கறுஞ்சேறு நடுவில் ஒரு களத்துமேட்டளவே இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர்களும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஓட்டத்தால் தரை அரிபட்டு, அழுத்திய களிமண் கலைந்துபோனால், மணலின் வழியே உப்புநீர் பக்கத்து வயலுக்கு ஊறும். நிலத்தின் உப்பு மீட்டருக்கு 3 டெசி ஸீமன்ஸ் அளவைத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்குகிறது. விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றலாகாதென்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2005-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி கடலோரக் குட்டைகளைக் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். மண்ணின் தன்மைக்கேற்ப விளைநிலத்துக்கும் குட்டைக்கும் இடையே 50 முதல் 100 மீட்டர் விடவேண்டும் என்பதும் விதி. மணற்பாங்கில் பெரிய அளவையே கொள்வது விவேகம். வாரிய கறுஞ்சேற்றை ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டவிடலாகாது. குட்டைக்கு நீர் விடுமுன் பக்கத்துக் கிணறுகளின் நீரை ஒருமுறையும், ஒவ்வொரு அறுவடைக்குப்பின் ஒருமுறையும் எடுத்துப் பரிசோதித்துக் குறித்துவைத்தால், பின்னால் வயற்காரருக்கும் குட்டைக்காரருக்கும் தகராறு நேரும்போது அக்குறிப்பு உதவும். மாதிரி எடுக்கும் பாட்டிலைக் கிணற்று நீராலேயே இரண்டு முறை அலசிவிட்டு நிரப்பவேண்டும்.