ஹெட்போனில் ஒரு அடிமையின் குரல்!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சின்னாளப்பட்டி பஸ் ஏறி, ஜன்னல் சீட்டும் பிடித்து, ஹெட்போனை மாட்டியாச்சு. அடுத்து? வழக்கம்போல இளையராஜாதானே! ஒரே ஒரு வாரம் ராஜாவுக்கு லீவு கொடுங்க பாஸ். வெளியே சிறுமலை கூடவே வரட்டும். காதுக்குள் ஒரு மனுஷன், பிறந்த தேதிகூடத் தெரியாமல் வளர்ந்த தன் கதையைச் சொல்லட்டும்.

அவர் பெயர் ஃப்ரெடரிக் டக்ளஸ். அமெரிக்காவின் மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்தவர். தப்பித்துப் போய், 1845-ல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டார்கள். அம்மாவுக்கு வேலை பன்னிரண்டு மைல் தள்ளி இன்னொரு பண்ணையில். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, ராத்திரி அத்தனை தூரமும் நடந்து வந்து, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்க வைப்பார். விடியும்போது வயலில் நிற்காவிட்டால் சவுக்கடி. அதனால் பையன் கண் முழிக்கும்போது அம்மா இருக்கமாட்டார். வாழ்நாளில் நாலைந்து தடவைதான் அவரைப் பார்த்ததாகச் சொல்கிறார் டக்ளஸ்.

புத்தகத்தில் இது ஒரு பத்தி. கண்ணு சட்டுனு தாண்டிப் போயிடும். காதால் அப்படித் தாண்ட முடியலை. படிக்கிறவர் என்ன வேகத்தில் சொல்கிறாரோ, அதே வேகத்தில் நீங்களும் அந்த அம்மாவோடு நடந்தாகணும்.

அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் அவசியம் கேட்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. எஜமானியம்மா சின்னப் பையன் டக்ளஸுக்கு ஏ, பி, சி சொல்லித் தருகிறார். புருஷன் பார்த்துவிட்டுத் தடுக்கிறான். படித்தால் அடிமை அடிமையாக இருக்கமாட்டானாம்! 'ஓஹோ, விஷயம் இதுலதான் இருக்கா' என்று பையனுக்குப் பொறி தட்டுகிறது. அப்புறம் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு எழுத்துக் கற்றுக்கொள்கிறார். நாம அட்டெண்டன்ஸுக்காக கிளாஸில் உட்கார்ந்திருக்கிற ஆளுங்க!

காசு வேண்டாம். 2005-ல் தொடங்கிய 'லிப்ரிவாக்ஸ்' இணையதளத்தில், காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அந்த இங்கிலீஷ் புரியாமல் தலை சுத்தும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், மூணாவது நாள் பழகிடும். டக்ளஸ் முடிந்ததும் ஹேரியட் ஜேக்கப்ஸ். எஜமானனுக்குப் பயந்து, நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத ஒரு பரணில் ஏறக்குறைய ஏழு வருஷம் ஒளிந்திருந்த பெண். அதை ராத்திரி தனியாகக் கேட்காதீங்க, தூக்கம் போயிடும்.

இவையெல்லாம் வேறு யாரோ படிப்பவை. நிஜக் குரலே வேண்டுமா? 1949-ல் பால்டிமோரில் ஃபவுண்டன் ஹியூஸ் என்ற முதியவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்தார். சின்ன வயதில் அடிமையாக இருந்தவர், தனக்கு நூற்றொரு வயது என்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் குரல் இருக்கிறது. இசை கிடையாது, நடிப்பும் கிடையாது. ஒரு தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும்.

'அமெரிக்கா கதை நமக்கு எதுக்கு?' என்கிறீர்களா? உங்கள் பஸ் காந்திகிராமத்தில் நிற்குமே, அங்கே 1959 பிப்ரவரியில் மனைவி கொரெட்டாவுடன் வந்தார் மார்ட்டின் லூதர் கிங். மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் கறுப்பர்களுக்குத் தனி சீட் என்ற கொடுமையை எதிர்த்து 381 நாள் பஸ் ஏறாமல் நடந்த மக்களின் தலைவர். இங்கிருந்து கேரளா போனார். அங்கே ஒரு பள்ளியில் தலைமையாசிரியர், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர்' என்று அவரை அறிமுகப்படுத்திவிட்டார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தார். 'ஆமாம், நானும் அதுதான்' என்று புரிந்தது. 1965-ல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னது இது.

நம்ம பக்கத்து மாவட்டத்திலும் ஒரு பஸ் கதை இருக்கிறது. 1997 ஜூன் 30. மேலூர் பக்கம் மேலவளவு. ஊராட்சித் தலைவராக ஜெயித்த தலித் என்பதால், முருகேசனையும் அவரைச் சேர்ந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். மாண்ட்கோமரி பஸ்ஸுக்குக் கண் கலங்குகிற நமக்கு, இந்த பஸ் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

ஹியூஸ் தாத்தாவிடம் கேள்வி கேட்டவர் கையில் ஒரு ரெக்கார்டர் இருந்தது. உங்கள் செல்போனிலும் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போனால், பட்டனை அமுக்கிட்டு உங்க தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க: "தாத்தா, அந்தக் காலத்துல டீக்கடையில உங்களுக்கு எந்த டம்ளர்? கடையில உக்காந்து குடிச்சீங்களா, வெளிய நின்னா?"