நுணலுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது

நுணலும் தன் வாயால் கெடும் என்போம். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் அந்தத் தவளை, மழை விழுந்ததும் வெளியே வந்து கத்தி, தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலம் போன்ற வறண்ட இடத்துக்கு ஏற்ற பிராணி அது. அதன் பின்னங்கால் பாதத்தில் மண்வெட்டி போல ஒரு கடினமான புடைப்பு உண்டு. அதைக்கொண்டு பின்பக்கமாகவே தோண்டி மண்ணுக்குள் இறங்கிவிடும்.

தவளையும் தேரையும் வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈரத்தில் பதித்தால் போதும், நீர் உள்ளே இறங்கும். மூச்சின் ஒரு பங்கும் தோல் வழியாகத்தான். வட அமெரிக்கக் காடுகளில் வாழும், பல்லி உருவத்து நீர்நில வாழ்வியான செம்முதுகு சாலமாண்டருக்கோ நுரையீரலே கிடையாது. ஈரத் தோலாலும் வாயின் உட்தோலாலும் மட்டுமே அது மூச்சுவிடுகிறது. தமிழ்நாட்டில் சாலமாண்டர் இல்லை; இந்தியாவில் அதைப் பார்க்க டார்ஜிலிங் மலைக்கோ வடகிழக்குக்கோ போக வேண்டும். ஆனால் தோலை நம்பிப் பிழைப்பதில் நம் நுணலும் அதன் உறவுதான்.

இந்தத் தோலுக்கு உப்பு பகை. உடலுக்குள் இருப்பதைவிட வெளியே உப்பு குறைவாக இருக்கும்வரைதான் நீர் உள்ளே வரும். கூடிவிட்டால் உடலின் நீரே வெளியேறும். முட்டைக்கு ஓடு இல்லை, கூழ்போன்ற உறை மட்டுமே. தலைப்பிரட்டைக்குக் குட்டையை விட்டால் போக்கிடம் இல்லை. குட்டை வற்ற வற்ற உப்பு ஏறும்.

நீரில் உப்பு ஏற இன்னொரு வழி சாயப்பட்டறை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியில் நின்றுவிடும். உப்போ தண்ணீரோடு வெளியேறும். சுத்திகரித்து நிறத்தை நீக்கினாலும் உப்பு அப்படியே இருக்கும். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது இப்படித்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் பகுதிச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல், உப்பையும் பிரித்தெடுத்தால்தான் இயங்கலாம் என்ற நிலை வந்தது.

அதே பகுதியில் பறவைகள் கூடும் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கொக்குக்கும் நாரைக்கும் தவளையும் இரைதான். தவளை போனால் அவற்றின் இரையும் போகும். ஆகவே, ஊர்க் குட்டைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அதில் உப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.