காசு கொடுத்துக் குடித்த கஞ்சி

மும்பை அடுப்படி – 17

முலுண்ட் மேற்கில், ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். இரண்டு எவர்சில்வர் தவலைகள், ஒரு வாளித் தண்ணீர், தொட்டுக்கொள்ள நாலைந்து டப்பாக்கள். ஒரு தவலையில் கம்பங்கூழ், இன்னொன்றில் கேழ்வரகுக் கூழ். காலை ஏழு மணிக்குக் கடை போட்டால் பத்தரைக்குள் தவலை காலியாகிவிடும். கடைக்கார அக்கா வாயைத் திறந்தாலே நெல்லைச் சீமை தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான், என் மகள் நாலு பேரும் அந்த வண்டியடியில் நின்றோம். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. தெருவில் நின்று அவர் கஞ்சி குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் அது காய்ச்சலுக்கு. நொய்யரிசியைக் குழையவிட்டு, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அம்மா கொடுப்பார். காய்ச்சல் விட்டதும் கஞ்சிச் சட்டி பரணுக்குப் போய்விடும். "நல்லாயிருக்க உடம்புக்கு எதுக்குக் கஞ்சி?" என்பார் அப்பா. அதற்குமேல் பேச்சு வளராது.

அம்மாவின் அந்த மிளகு சீரகக் கஞ்சிக்கு இந்த ஊரோடு பழைய தொடர்பு உண்டு. கார்சியா த ஓர்த்தா என்றொரு போர்த்துக்கீசிய மருத்துவர், மும்பைத் தீவையே குத்தகைக்கு எடுத்திருந்தவர். 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்து நூலில், வாந்திபேதி கண்டவருக்கு மிளகும் சீரகமும் சேர்த்த அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதை 'கஞ்சே' என்று நம் சொல்லாலேயே எழுதிவைத்தார். போர்த்துக்கல்லில் அந்தச் சொல் 'கான்ஜா' ஆனது. அரிசி போட்ட கோழி சூப்புக்கு அங்கே இன்றைக்கும் அதுதான் பெயர்.

வண்டிக்கு வருகிறேன். அக்கா கூழ் கரைப்பதை மகள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, வெந்த நொய்யில் ஊற்றிக் கிண்டி, இரவெல்லாம் ஆறவிட்ட களி. அதில் ஒரு உருண்டையை எடுத்து மோர் விட்டுக் கையாலேயே பிசைந்தார். விரல் இடுக்கில் அகப்பட்ட கட்டிகளை ஒவ்வொன்றாக நசுக்கினார். உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம், செம்பு நிறையக் கூழ். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் மாங்காய்க் கீற்றும். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த ரிக்ஷாக்காரர் கொங்கணத்துக்காரர். "எங்க ஊர்ல அரிசியில செஞ்சா பேஜ், நாச்ணியில செஞ்சா ஆம்பீல்" என்றார் இந்தியில். நாச்ணி என்றால் நம் கேழ்வரகு.

அப்பா ஒரு வாய் குடித்தார். பேத்தியைப் பார்த்தார்.

"கேளு தாயி. நான் உன் வயசுல களையெடுக்கப் போவேன். உச்சிக்கு வரப்புல வரிசையா உக்காரச் சொல்லுவாவ. பனையோலைப் பட்டையைக் குழிச்சுப் பிடிக்கணும். பண்ணையாள் எட்ட நின்னு ஊத்துவான். சிந்துனா சிந்துனதுதான். கஞ்சி நல்லாத்தான் இருக்கும். ஊத்துன விதம்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

இத்தனை வருடம் கஞ்சிச் சட்டி ஏன் பரணில் கிடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கஞ்சியோடு கை நீட்டவைத்த கதை நம்மிடம் நிறையவே இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அளவைக் குறைத்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். அரைக் கிலோகூட வராது. அதே ஆண்டு பம்பாயின் கவர்னராக வந்து அமர்ந்தவர் அவர். பஞ்ச காலத்திலும் தறி நின்ற நாட்களிலும் திறந்த கஞ்சித் தொட்டிகளின் பெயர் இன்னும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்தது. கம்பு இன்று பளபளக்கும் பையில் மால்களுக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். அதைக் குடித்து உழைத்தவர்களுக்கு அது எப்படி ஊற்றப்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். சத்துக் கணக்கை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் போய்ச் சேரும்.

"அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றார் அக்கா. செம்பை வாங்கி நிறைத்து, அப்பாவின் கையிலேயே கொடுத்தார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

காசு எடுக்கப் போன என்னை அவர் விடவில்லை. "இதுக்கு நாந்தான் குடுப்பேன்" என்று சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். மீதிச் சில்லறையை நின்று எண்ணி வாங்கினார்.

வீடு திரும்பும் வழியில் கிராணா கடையில் நுழைந்து, ஒரு கிலோ பாஜ்ரி கேட்டார். நம் கம்புக்கு இங்கே அதுதான் பெயர். சாயங்காலம் அம்மா பரணிலிருந்து கஞ்சிச் சட்டியை இறக்கிக் கழுவினார். வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

(தொடரும்)