முதுகெலும்பு ஒப்பரேஷன்: பயமும் விளக்கமும்

பதுளை–செங்கலடி வீதியால் இறங்கிப் போய், மட்டக்களப்பு வாவிக்கரைப் பக்கம் பிள்ளைகளோடு இருக்கும் வயதானவர்கள் நம் தோட்டக் குடும்பங்களில் உண்டு. அவர்களும் சரி, லயத்தில் இருப்பவர்களும் சரி, நம்மிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "கொஞ்ச தூரம் நடந்தா ரெண்டு காலும் இழுக்குது, விறைக்குது. குந்தினா சரியாப் போகுது." தோட்டத்தில் இடுப்பு வலி என்போம், அங்கே நாரி நோ என்பார்கள். டொக்டர் ஒப்பரேஷன் என்று சொன்னதும் பயந்து கிளினிக் போவதையே சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இதை விளக்க விரும்புகிறோம்.

இது என்ன வருத்தம்?

முதுகெலும்பின் உள்ளே நரம்புகள் இறங்கி வரும் பாதை ஒன்று உண்டு. வயது போகப் போக எலும்பு மூட்டுகள் தடித்து, இடையில் உள்ள டிஸ்க் தேய்ந்து பிதுங்கி, அந்தப் பாதை ஒடுங்குகிறது. நரம்பு நெரிபடுகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான் இது வரும்.

குனிந்தால் பாதை கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் ஒடுங்கும். அதனால்தான் கூடையோடு குனிந்து மலை ஏறுகிறவருக்கு இறக்கத்தில் கால் அதிகம் வலிக்கிறது. சமதரையில் சைக்கிள் மிதிக்கும் தாத்தாவுக்குச் சந்தை வரை நடக்க முடியாததும் இதனால்தான்.

"கட்டாயம் ஒப்பரேஷன் செய்யணுமா?"

எல்லாருக்கும் தேவையில்லை. முதலில் மருந்தும் உடற்பயிற்சியும்தான். 2015 இல் அமெரிக்காவில் 169 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒப்பரேஷனுக்கு என்று பிரித்தவர்களுக்கும் பயிற்சிக்கு என்று பிரித்தவர்களுக்கும் 2 வருடத்தின் பின் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பயிற்சிப் பிரிவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிறகு ஒப்பரேஷனும் செய்துகொண்டார்கள். ஆகவே முதலில் பயிற்சி செய்து பார்ப்பதிலும் தவறில்லை, பலன் இல்லாவிட்டால் ஒப்பரேஷன் செய்வதிலும் தவறில்லை.

"கால் வழங்காமப் போயிடுமாமே?"

நம் ஆட்களின் பெரிய பயம் இதுதான். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் போகின்றன. ஆகவே இடுப்பு ஒப்பரேஷனில் கால் முழுதும் வழங்காமல் போவது மிக அரிது. கிருமி தொற்றுதல், இரத்தம் கட்டுதல், நரம்பின் உறை கிழிதல் போன்றவை ஏற்படலாம். உங்கள் நிலைமையில் ஆபத்து எவ்வளவு என்று டொக்டரிடமே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

"வலி முழுசாப் போயிடுமா?"

கால் வலியும் நடையும்தான் நன்றாகத் தேறும். இடுப்பு வலி கொஞ்சம் மிஞ்சலாம். நெடுநாள் விறைப்பு முழுதாகப் போகாமலும் இருக்கலாம்.

"எத்தனை நாள் பேர் இல்லாமப் போகும்?"

அநேகமாக மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். இலேசான வேலைக்கே சில வாரங்கள் செல்லும். கூடை சுமக்க, கவ்வாத்து வெட்ட அதைவிட அதிக காலம், பல மாதங்களும் ஆகலாம். டொக்டரின் மெடிக்கல் துண்டை முன்கூட்டியே தோட்ட ஆபீசில் கொடுத்து, இலேசான வேலை கேளுங்கள்.

"வயசும் சீனியும் இருக்கே? காசுக்கு எங்கே போறது?"

வயது மட்டும் தடையில்லை. சீனியையும் பிரஷரையும் முதலில் கட்டுப்படுத்த வேண்டும். சிகரட், பீடி, வெற்றிலையோடு புகையிலை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் துண்டு எடுத்து கிளினிக் போகலாம். மட்டக்களப்பில் இருப்பவர்கள் போதனா வைத்தியசாலை கிளினிக்கில் காட்டலாம்.

உடனே போக வேண்டியது எப்போது?

சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, மறைவிடத்தில் உணர்வு இல்லாவிட்டாலோ, கால் திடீரென்று பலம் குறைந்தாலோ கிளினிக் நாள் வரும் வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாமதித்தால் திரும்பி வராத நரம்பு அது. வெட்கப்பட்டு இதை மறைக்கும் அம்மாமார் நம்மிடையே அதிகம். பிள்ளைகளே, நீங்கள்தான் கேட்டு அறிந்து கூட்டிப்போக வேண்டும்.