குழந்தைக்கு எந்த விளையாட்டு?

பனிமய மாதா திருவிழா நாள்களில், தூத்துக்குடிப் பேராலயத்தைச் சுற்றிலும் கடைகள் நிறைந்திருக்கும். விளையாட்டுப் பொருள்களின் முன் குழந்தை நின்றுவிட்டால், பெற்றோரும் நிற்கத்தான் வேண்டும். 'அறிவை வளர்ப்பது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், கைப்பணம் குறைவாயினும் வாங்கிவிடுகிறோம். வீட்டில் அது பாடுகிறது, விளக்கு எரிகிறது. ஆனால் குழந்தை கற்றது என்ன?

ஒரு விளையாட்டில் எது கற்பிக்கிறது, எது வெறும் அலங்காரம் என்று அறிவது எப்படி? நம் பாட்டிமார் அறிந்த இரண்டு ஆட்டங்களையே எடுத்துக்கொள்வோம்.

பரமபதத்தில் ஏணி நற்செயலையும் பாம்பு தீச்செயலையும் குறிக்கும். நோக்கம் உயர்ந்ததே. ஆனால் ஏணியில் ஏற்றுவதும் பாம்பின் வாயில் தள்ளுவதும் தாயக்கட்டைதான். குழந்தை எதையும் தேர்ந்துகொள்வதில்லை. நன்மையைத் தானே தேர்வதன்றோ நற்பண்பு? ஒழுக்கம் கற்பிக்க இவ்வாட்டம் போதாது.

பல்லாங்குழியோ பாடமென்று சொல்லாமலே பாடம் நடத்துகிறது. 14 குழிகள்; குழிக்கு ஐந்தாக இட்டால் 70 புளியமுத்துகள், அல்லது சோழிகள். எக்குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவருக்கே வெற்றி வாய்ப்பு மிகுதி. கற்க வேண்டிய செயலே இங்கு ஆடும் செயலாகிவிடுகிறது.

எனினும் கட்டப் பலகையை இகழ்ந்துவிட வேண்டாம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறார்களைக் கொண்டு நடத்திய சோதனை 2008இல் வெளிவந்தது. சிலருக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகை. மற்றவர்க்கு எண்களுக்குப் பதிலாக நிறங்கள் மட்டுமே கொண்ட பலகை. மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டமே. எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணறிவில் முன்னேறினர். நிறப் பலகையில் ஆடியவர்கள் முன்னேறவில்லை. காயை நகர்த்தும்போது கட்டத்திலுள்ள எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதியும் முக்கியமென 2014இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. பயன் தந்தது பலகையின் பகட்டன்று. எழுதிய எண்ணும் சொல்லிய வாயுமே.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி அம்மையார் மற்றொன்றையும் வலியுறுத்தினார். குழந்தையின் பிழையைக் கருவியே காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் அமைத்த மரக்கட்டையில் அளவு மாறும் பத்துக் குழிகளும், அவற்றுக்கேற்ற பத்து உருளைகளும் உண்டு. ஒன்றை இடம் மாற்றி வைத்தால், முடிவில் ஓர் உருளை தன் குழியில் பொருந்தாது. குழந்தை தானே திருத்திக்கொள்கிறது. திட்டுவதற்கு எவரும் வேண்டியதில்லை.

ஆகவே, பெற்றோரே, அடுத்த முறை பெட்டியை எடுக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். கற்க வேண்டியதைச் செய்யாமல் இதில் வெல்ல முடியுமா? பிழை குழந்தைக்கே புலப்படுமா? பாட்டையும் விளக்கையும் நீக்கினால் எஞ்சுவது யாது? விடை திருப்தி தராவிடில், பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒரு சுண்ணக்கட்டியும், கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளும், மாலையில் குழந்தையோடு தரையில் அமர அரைமணி நேரமும் போதும்.