கல்லறைத் தோட்டத்தில் ஓடிய தாத்தா

கனடா நாட்டில் மில்டன் என்று ஓர் ஊர். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் ஒரு முதியவர் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடுவார், சில நாட்களில் மூன்று மணி நேரம்! வீட்டுக்கு அருகில், வாகனத் தொல்லை இல்லாத இடம் அதுதான். பயிற்சி சலிப்பூட்டும் வேலை என்று அவரே சொல்வதுண்டு.

ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியாளரான எட் விட்லாக்தான் அவர். 2003-ல், தம் 72-ஆம் வயதில், 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 59 நிமிடம் 10 வினாடியில் முடித்தார். எழுபதைக் கடந்தவர்களில் மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர் இவரே.

முதுமை அவரை விட்டுவைத்ததா? இல்லை. முழங்கால் மூட்டுத் தேய்ந்து வலித்தது. மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே கிடையாது. ஆகவே அங்கே ஏற்படும் பழுது எளிதில் ஆறாது. விட்லாக் அவசரப்படவில்லை. வலி தணியும்வரை காத்திருந்து, பிறகு ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார்.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது. தசைகளுக்குச் சேரும் ஆக்சிஜனும் குறைகிறது. பயிற்சியற்றவர்களுக்குப் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இழப்பு. விட்லாக்கை 81 வயதில் சோதித்தபோது, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர் ஆக்சிஜனை அவர் உடல் பயன்படுத்தியது. விளையாடாத கல்லூரி மாணவர் பலருக்கு இது எட்டாத அளவு!

ஆனாலும் வேகம் குறையத்தான் செய்தது. 73 வயதில் 2 மணி 54 நிமிடம் 48 வினாடி. 2016-ல், 85 வயதில், 3 மணி 56 நிமிடம் 34 வினாடி. அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின் அவர் காலமானார்.