பத்துப் பவுண் குருமனை

பாதுகாக்கப்படவேண்டிய பழமைச் சின்னம் எது என்று மாணவரிடம் வினவினால், கோட்டை என்பர், கோயில் என்பர், மன்னர் வாழ்ந்த மாளிகை என்பர். கூரை வேய்ந்த மண்சுவர் வீடு ஒன்றைச் சொல்வார் அரியர். அத்தகைய வீட்டுக்கும் அத்தகுதி உண்டு என்பதை இங்கிலாந்து மக்களுக்கு உணர்த்திய ஒரு குருமனையின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

இங்கிலாந்தின் தென்பாகத்திலே, சசெக்ஸ் பகுதியில், கக்மியர் ஆற்றின் அருகே அல்பிறிஸ்ரன் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர் ஆலயத்தின் அயலில் நிற்பதே இக்குருமனை. இது பதினான்காம் நூற்றாண்டினது எனக் கொள்ளப்படுகின்றது. கென்ற், சசெக்ஸ் ஆகிய பகுதிகளில் வசதி படைத்த உழவர் கட்டிய மண்டப வீட்டின் அமைப்பையே இதுவும் உடையது.

அவ்வமைப்பு யாது? நடுவே, தரையிலிருந்து கூரை முகடுவரை தடையின்றி உயர்ந்த ஒரு மண்டபம். அதன் இருபுறமும் மேல்தளத்துடன் கூடிய அறைகள். இவை அனைத்தையும் ஒரே கூரை மூடி நிற்கும். அக்காலத்து வீடுகளில் புகைபோக்கி இல்லை. மண்டபத்தின் நடுவே மூட்டிய தீயின் புகை மேலெழுந்து கூரை வழியே கசிந்து வெளியேறும். மண்டபத்துக்கு மேல்தளம் அமைக்காமல் விட்டதன் காரணம் இதுவே.

கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவது சுவரன்று. ஓக் மரச் சட்டகமே. மரங்களைப் பொளித்துப் பொருத்தி, மர ஆணிகளால் இறுக்கியிருக்கின்றனர். சட்டங்களுக்கு இடையே வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர், இடைவெளியை நிரப்புவது மாத்திரமே. மண்டபத்தின் தரையோ சுண்ணக்கல்லை இடித்து இறுக்கி, புளித்த பாலால் மெழுகப்பட்டது. மண் தரையைச் சாணத்தால் மெழுகும் வழக்கம் அறிந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றாது. கையெட்டும் தூரத்தில் கிடைத்த பொருளைக் கொண்டு வாழ்ந்தவர்களின் அறிவு எங்கும் ஒன்றே.

ஆனால் இத்தகைய வீட்டுக்கு ஒரு பெரும் பகை உண்டு. அது நீர். கூரை ஒழுகினால் மரப் பொருத்துகள் உளுக்கும். பொருத்து உளுத்தால் சட்டகம் சாயும். சட்டகம் சாய்ந்தபின் சுவருக்கு நிலையில்லை. கூரை வேய்வதை ஒரு தலைமுறை மறந்தால், பல தலைமுறைகளின் உழைப்பு அழிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்குருமனைக்கு நேர்ந்ததும் அதுவே. குருமார் வசிப்பதை விட்டு நெடுங்காலமாயிற்று; வீடு சிதைந்தது. அதனை இடித்துவிடத் திருச்சபை அதிகாரிகள் அனுமதியும் அளித்திருந்தனர்.

சட்டம் காத்திருக்கலாமே எனக் கேட்பீர்கள். பிரித்தானியாவின் முதலாவது தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. எனினும் அது ஸ்ரோன்ஹெஞ் போன்ற வரலாற்றுக்கு முற்பட்ட கற்சின்னங்களையே பெரிதும் கருதியது. மக்கள் குடியிருந்த எளிய வீடு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தது.

இந்நிலையில் அவ்வூர்க் குருவானவரான பெய்னன், வில்லியம் மொறிஸ் 1877இல் நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் உதவியை நாடினார். பின்னர் விடயம் தேசிய நம்பிக்கைப் பொறுப்பு என்னும் அமைப்பிடம் சென்றது. ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்த ஒக்ரேவியா ஹில் அம்மையார், சட்ட அறிஞர் றொபேட் ஹண்டர், குருவானவர் றோன்ஸ்லி ஆகிய மூவரும் அதனை 1895இல் தோற்றுவித்திருந்தனர். 1896இல் அவ்வமைப்பு இக்குருமனையைப் பத்துப் பவுணுக்கு வாங்கியது. அது வாங்கிய முதலாவது கட்டடம் இதுவே.

விலை சிறிது, செப்பனிடும் செலவோ அதனிலும் பன்மடங்கு. அதற்காகப் பொதுமக்களிடம் நிதி வேண்டப்பட்டது. செப்பனிடும் முறையிலும் ஒரு கொள்கை இருந்தது. பழங்கட்டடத்தை ஊகத்தின்படி புதுக்கி, பொய்யான பழமையைப் பூசுதல் தகாது என்பது மொறிஸ் சங்கத்தின் கோட்பாடு. ஆதலால் கட்டடக் கலைஞர் அல்பிரட் பவல், உள்ளதைத் தாங்கி நிறுத்துவதையும் உளுத்ததை மாத்திரம் மாற்றுவதையுமே நோக்கமாகக் கொண்டார்.

1907இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அவ்வமைப்பின் உடைமைகளைப் பிறருக்குக் கைமாற்ற இயலாதவை எனப் பிரகடனம் செய்ய வழிவகுத்தது. 1947இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டத்தின் பின் பழைய வீடுகளும் பட்டியலிடப்பட்டுக் காப்புப் பெறலாயின. கல்லை மாத்திரம் கண்ட சட்டம், காலப்போக்கில் வீட்டையும் கண்டது.

எனினும், நேயர்களே, சட்டம் கூரை வேய்வதில்லை. இடிப்பவன் கையைத் தடுக்க அதனால் இயலும். ஒழுக்கை அடைக்க ஒருவர் ஏணியில் ஏறத்தான் வேண்டும். அல்பிறிஸ்ரன் குருமனை இன்றும் நிற்பது, அப்பணி தவறாது நடைபெறுவதனாலேயே. உங்கள் ஊரிலும் முன்னோர் கைத்திறன் காட்டும் பழைய வீடு ஒன்று இருக்கக்கூடும். அடுத்த மாரிக்கு முன் அதன் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.